கத்திக்குக் கண் கிடையாது

தில்லி துவாரகாவில் எங்கள் வீட்டின் வாசலை ஒட்டிய மேஜையில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கிறது. அவரை விதைபோல் ஒரு பக்கம் உள்வாங்கிய தட்டு. ஆஸ்பத்திரிக்காரர்கள் கிட்னி ட்ரே என்பார்கள். வீட்டுச் சாவி, ஸ்கூட்டர் சாவி, மெட்ரோ கார்டு எல்லாம் அதில்தான் கிடக்கும். அதன் முதுகில் ஒரு பள்ளம் உண்டு. என் கட்டைவிரல் அதில் கச்சிதமாக உட்காரும். முதுகில் பள்ளம் என்றால் வயிற்றில் மேடு. ஆகவே சாவியை நடுவில் போட்டால் நிற்காது, மேட்டில் பட்டு ஓரத்துக்குச் சரியும். வருகிறவர்கள் "கீழ விழுந்துட்டுதா?" என்று கேட்பார்கள். "விழல. அடிச்சது" என்று சொல்லிவிட்டு என் மனைவி சமையலறைக்குப் போய்விடுவாள். மீதியை நான் சொல்ல வேண்டும், பெரும்பாலும் சொல்வதில்லை. அரசாங்கச் சொத்து இந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று புருவம் உயர்த்துகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உபயோகமற்றது என்று கழிக்கப்பட்ட பொருளை அகற்றும் விதிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் உட்பிரிவோடு சொல்லக்கூடியவன் நான். முறைப்படிதான் வந்தது.

ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் வாங்கிக்கொண்டு தில்லிக்கு ரயிலேறியவன், ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் நிர்வாக அதிகாரியாக ஓய்வு பெற்றேன். இடையில் படித்ததெல்லாம் கொள்முதல் விதிகள். அந்த மருத்துவமனையில் பெண் மருத்துவர்கள் நிறைய இருந்தார்கள். ஆனால் 'மேடம்' என்று சொன்னால் ஒரே ஒருவரைத்தான் குறிக்கும்: தோல் அறுவைப் பிரிவின் தலைவி. பதவி, பட்டம், வயது எதையும் பார்க்காமல் ஆளைத் திட்டுவதில் அவரிடம் ஒரு சமதர்மம் இருந்தது. அவரும் என்னைப் போலத் திருநெல்வேலிச் சீமைக்காரர் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை 'வே' போட்டுத்தான் பேசினார். எங்கள் பக்கத்தில் பெண்கள் ஆண்களைப் பார்த்து அப்படிச் சொல்ல மாட்டார்கள். மேடம் சொன்னார். தில்லியில் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

அவருடைய அறுவை அரங்கில் பொருள்கள் பறக்கும். இடுக்கி தவறான கைக்கு வந்தால் அது சுவரில் போய் மோதும். கத்தி மழுங்கியிருந்தால் தட்டோடு பறக்கும். ஒருமுறை தூக்கக் கலக்கத்தோடு நின்ற பயிற்சி டாக்டர் ஒருவரின் காதருகே பறந்து போன கத்தரி, கதவு மரத்தில் குத்தி நின்று ஆடிக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கதவை நான் பார்த்திருக்கிறேன். புதிய சாமான் கேட்டு விண்ணப்பம் என்னிடம் வரும்போது, பழையது பாழானதற்குக் காரணம் என்ற இடத்தில் 'இயல்பான தேய்மானம்' என்று எழுதிக் கையெழுத்திடுவேன். இடுக்கி தவறான கைக்கு வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. மேடம் இடது கைக்காரர். அரங்கில் நர்ஸ்கள் அவருக்காக எல்லாவற்றையும் எதிர்ப்புறம் அடுக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் மறந்துவிடுவார்கள். அந்த இடது கையின் புறத்தில் நாலு விரலையும் குறுக்காகக் கடந்து போகும் ஒரு தழும்பு உண்டு. பீச்சாங்கையால் எழுதுகிறாள் என்று அவருடைய அப்பா சின்ன வயதில் கரண்டியைப் பழுக்கக் காய்ச்சி வைத்த சூடு அது. "அவரு சுட்டாரு. நான் இந்தக் கையாலதான்வே அவருக்குக் கொள்ளி வச்சேன்" என்று ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார். வலது கை சோற்றுக்கு, இடது கை கத்திக்கு என்று பிரித்துக்கொண்டதோடு அந்த வழக்கு முடிந்துவிட்டது என்பதுபோல் டம்ளரைக் கீழே வைத்தார்.

அவர் வெட்டியது தோல் புற்றுநோய்களை. அதிலும் ஒரு வகை, உடம்பெங்கும் பரவாமல் இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்து எலிபோல் கொறித்துக்கொண்டே போகும். வெளியே பட்டாணி அளவுக்கு ஒரு புண் தெரியும். உள்ளே அது எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் வேர் விட்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சுற்றிலும் நல்ல சதையையும் சேர்த்து வாரி எடுத்துவிடுவார்கள். "ஒரு விரக்கடை தள்ளி வெட்டுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கான். மூக்குல ஒரு விரக்கடை தள்ளி வெட்டுனா மூக்கு எங்கவே இருக்கும்? கத்திக்குக் கண் கிடையாது. கண்ணை நாமதான் வாங்கிக் குடுக்கணும். நீரு வாங்கித் தாரும்" என்று என் அறைக்கு வந்து மேஜையைத் தட்டினார். வெட்டிய சதையை உறைய வைத்துச் சீவி உடனே பார்க்கும் பழைய கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. தில்லியின் மின்வெட்டில் உறைவதும் உருகுவதுமாக இருந்து அது கடைசியில் நிரந்தரமாக உருகிப்போயிருந்தது.

அவர் கேட்ட கண், ஒரு வெளிநாட்டு ஆய்வுத் திட்டத்தின் கீழ் இரவலாக வந்தது. இரண்டாயிரமாவது ஆண்டுகளின் நடுப்பகுதி அது. உறைய வைக்காமல், சீவாமல், வெட்டியெடுத்த பச்சைச் சதையை அப்படியே கண்ணாடி மேல் வைத்தால், லேசர் ஒளியை அதற்குள் அடுக்கடுக்காக இறக்கிக் கணினித் திரையில் படமாகக் காட்டும் நுண்ணோக்கி. சுங்கத்திலிருந்து அதை மீட்ட கதையைச் சொன்னால் இந்தக் கட்டுரை அதிலேயே முடிந்துபோகும். கட்டடத்தின் மிகச் சிறிய அதிர்வுகூடப் படத்தைக் கலைத்துவிடும் என்றார்கள். அதிர்வு தாங்கும் மேஜை வாங்கப் போனால் அடுத்த பிரதமர் வந்துவிடுவார். எனவே ஒரு கிரானைட் பலகையின் கீழே காற்றடித்த ஸ்கூட்டர் ட்யூப்களைப் பரப்பி அதன்மேல் கருவியை வைத்தோம். சதையை முதலில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைக்க வேண்டும். அப்போதுதான் நோய்க்கூட்டம் திரையில் வெள்ளையாக மின்னும். அந்த அமிலம் வேறொன்றுமில்லை, தாபாக்களில் வெங்காயத்தை ஊறப்போடும் சிர்க்கா, அதாவது வினிகர். மனிதச் சதை கிடக்கும் அந்த அறை, கரோல்பாக் தாபாபோல மணத்துக்கொண்டிருக்கும். இன்றுவரை சிர்க்கா வெங்காயத்தை நான் ஒதுக்கித்தான் வைக்கிறேன்.

வேலை செய்யும் முறை இதுதான். மரத்துப்போக ஊசி போட்டுப் புண்ணை மெல்லிய கிண்ணம்போல் அகழ்ந்தெடுப்பார் மேடம். எந்த ஓரம் எந்தத் திசை என்று அடையாளத்துக்குச் சாயம் தொட்டுவைப்பார். நோயாளிக்குக் கட்டுப் போட்டு வெளியே பெஞ்சில் உட்கார வைத்து டீ கொடுப்பார்கள். அதற்குள் அடுத்த அறையில் திரையைப் பார்ப்பார்கள். எந்த ஓரத்தில் வெள்ளை மிஞ்சியிருக்கிறதோ அந்த ஓரத்தில் மட்டும் மறுபடி ஒரு சீவல். மறுபடி கட்டு, டீ, திரை. வெள்ளை இல்லாமல் போகும்வரை இப்படி. கசாப்பிலிருந்து தச்சுவேலைக்குப் பதவி உயர்வு என்பார் மேடம். விஷயம் தெரிந்தவனுக்கு இது கடவுள் கொடுத்த கண். தெரியாமல் பெஞ்சில் காத்திருப்பவனுக்கு இது எப்படித் தெரியும் என்பதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை.

பஹல்வான் வந்தது அந்தக் கோடையில். தில்லியின் தென்மேற்கு ஓரத்துக் கிராமத்தில் மல்யுத்தக் கூடம் நடத்தியவர். காதுகள் இரண்டும் நசுங்கிக் காலிஃபிளவர் போலிருந்தன. கழுத்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. இடது கண் வெறும் குழி. இளம் வயதில் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பங்காளியின் லத்தி எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த வலது கண்ணின் உள்முனையில், மூக்கை ஒட்டி, அந்தப் புண். கூடத்து மண்ணில் உரசிய காயம் என்று எண்ணி வருஷக்கணக்கில் மஞ்சள் அப்பியிருக்கிறார். அகலமாக வெட்டினால் கண் போகும். குறைத்து வெட்டினால் நோய் மிஞ்சி, கண்குழிக்குள் இறங்கிக் கண்ணை எடுத்துக்கொண்டு அதோடு நிற்காமல் மேலே ஏறும். முன்பு காட்டிய ஆஸ்பத்திரியில், கண்ணோடு சேர்த்து எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். "ஒரு கண்ணைச் சண்டையில குடுத்தேன், அதுல மானக்கேடு இல்ல. இதை நாற்காலியில உட்கார்ந்துகிட்டுக் குடுக்கச் சொல்றாங்க, பேட்டீ" என்று அவருடைய முரட்டு இந்தியில் மேடத்திடம் சொன்னார். மேடத்தை மகளே என்று கூப்பிட்டுத் திட்டு வாங்காமல் தப்பிய ஒரே ஆண் அவர்தான்.

அறுவை நடந்த அன்று ஏதோ ஒரு கிரிக்கெட் மேட்ச். தில்லியே காலியாகிவிட்டது. காவலாளிகளும் வார்டு ஊழியர்களும் நடைபாதைக் கோடியிலிருந்த ஓய்வறையில் தொலைக்காட்சி முன்னால் அடைந்திருந்தார்கள். பஹல்வானோடு ஏழெட்டு ஆண்கள் வந்திருந்தார்கள். அவர்களில் தலையாள் அவருடைய அண்ணன் மகன். பெரியப்பா, சித்தப்பா என்று அந்த வீட்டில் இருந்தவர்களின் வயல்களெல்லாம் அடுக்கு வீடுகளாக மாறிக்கொண்டிருந்த நேரம் அது. அவன் அதில் தரகு பார்த்தவன். உடம்பு சித்தப்பாவின் கூடத்தில் வளர்ந்தது, கைச்சங்கிலி தரகில் வளர்ந்தது. முதல் சுற்று முடிந்து கண்ணை மூடிக் கட்டோடு பஹல்வானை வெளியே அழைத்துவந்தபோது இவன் கட்டை லேசாகத் தூக்கிப் பார்த்திருக்கிறான். இரண்டாம் சுற்று முடிந்ததும் பார்த்திருக்கிறான். மூன்றாவதிலும். "முதல்ல சவன்னி, அப்புறம் அட்டன்னி, இப்ப முழு ரூபாய்" என்று கூட வந்தவர்களிடம் காசுக் கணக்கில் சொல்லியிருக்கிறான். கால் ரூபாய் அளவு இருந்த குழி, அரை ரூபாய், ஒரு ரூபாய் என்று பெரிதாகிறது. இந்தப் பொம்பளை டாக்டர் சித்தப்பா முகத்தில் கை பழகுகிறாள் என்பது அவன் முடிவு. ஒவ்வொரு முறையும் வெளியே வந்து "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போன பயிற்சி டாக்டர், தன் பங்குக்கு அந்த முடிவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

நான் அப்போது திரை இருந்த அறையில்தான் இருந்தேன். மின்னழுத்தச் சீராக்கி கீச்சிடுகிறது என்று மேடம் போனில் கூப்பிட்டிருந்தார். திட்டு வாங்கி முடித்த கையோடு, "வந்ததுதான் வந்தீரு, இதைப் பாரும்" என்று திரையைக் காட்டினார். சாம்பல் நிற மூட்டம். அதன் ஓர் ஓரத்தில் மட்டும் கோலப்பொடி சிந்தியதுபோல் சின்னஞ்சிறு வெள்ளைப் புள்ளிகள் கொத்தாக நின்றன. "சுத்தி எல்லா எடமும் காலியாயிட்டு. கண்ணு பக்கத்து ஓரத்துல மட்டும் ஒளிஞ்சிட்டு நிக்குல்லா, அந்தச் செத்த மூதி. அரை அரிசி அளவுக்கு இன்னும் ஒரு சீவல். கண்ணு ரப்பைக்குக்கூட ஒண்ணும் ஆவாது" என்று சொல்லி மேடம் சிரித்தார். வேலை நேரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதே நொடியில் நடைபாதைக் கோடியிலிருந்து ஓ என்று பெரிய கூச்சல். யாரோ சிக்ஸர் அடித்திருக்க வேண்டும். கதவின் வட்டக் கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒரு முகம் தெரிந்தது. அண்ணன் மகன். தன் சித்தப்பா முகத்தில் ரூபாய் அளவு குழியோடு வெளியே பெஞ்சில் கிடக்க, டாக்டரம்மா திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவன் கண்டது அதுதான். "டிவி தேக் ரஹீ ஹை!", டிவி பார்க்கிறாள், என்று அவன் கத்தியதும் கதவு உள்ளே வந்து விழுந்ததும் ஒன்றாக நடந்தன.

கும்பல் தாக்கினால் என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் ஒரு சுற்றறிக்கை இருந்தது. முதல் பத்தி, 'பதற்றமின்றி' என்று தொடங்கும். அந்த வார்த்தை நினைவுக்கு வருவதற்குள் ஏதோ ஒன்று என் வாயில் விழுந்தது. பல் இரண்டு நாக்குக்கு அந்தப்புறம் போனது. அவர்கள் ஆயுதம் எதுவும் கொண்டுவரவில்லை. ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் வைத்திருந்தது. குளுகோஸ் பாட்டில் தொங்கும் இரும்புக் கம்பம், தீயணைக்கும் மணல் வாளி, உடைந்த பெஞ்சின் கால். பயிற்சி டாக்டர் ஒருவரின் காறை எலும்பு முறிந்த சத்தம், காய்ந்த மிளார் முறிவதுபோல, தனியாகக் கேட்டது. சிஸ்டரின் கூந்தலைப் பிடித்து ஒருவன் சுவரோடு மோதினான். திரை உடைந்தது. நுண்ணோக்கியை இருவர் பலகையோடு புரட்டினார்கள்; கண்ணாடியும் வில்லைகளும் சிதறியதற்கு மேல், ஸ்கூட்டர் ட்யூப் ஒன்று வெடித்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. ரத்தமும் சிர்க்காவும் சேர்ந்து மணத்தது.

மேடம் ஓடவில்லை. கதவு விழுந்ததுமே அவர் செய்தது ஒன்றுதான். மூன்றாவது சுற்றில் வெட்டிய அந்தத் துண்டைக் கண்ணாடியோடு எடுத்து ஒரு தட்டில் வைத்தார். இன்னொரு கிட்னி ட்ரேயைக் கவிழ்த்து அதை மூடினார். மேஜைக்குப் பக்கத்தில் தரையில் குந்தி, வலது கையை அதன்மேல் போட்டுக்கொண்டார். எந்த ஓரத்தில் நோய் மிஞ்சியிருக்கிறது என்பதற்குத் திரை போன பிறகு மிச்சமிருந்த ஒரே சாட்சி, சாயம் தொட்ட அந்தத் தோல்தான். இரும்புக் கம்பத்தின் அடிப்பாகம் ஓங்கி இறங்கியதை நான் தரையிலிருந்து பார்த்தேன். முதல் அடி அவருடைய முன்னங்கையில். எலும்பு திசைமாறியது துணிக்கு மேலேயே தெரிந்தது. கை நழுவியது. இரண்டாவது அடி தட்டின் முதுகில். "அடில மூதி, எம்புட்டு வேணும்னாலும் அடி. இதை மட்டும் தொடாத, உன் சித்தப்பன் கண்ணு இதுக்குள்ளதான்ல இருக்கு" என்று மேடம் கத்தினார். கத்தியது திருநெல்வேலித் தமிழில். அந்தப் பயலுக்கு ஒரு எழுத்துக்கூடப் புரிந்திருக்காது.

அப்போதுதான் பஹல்வான் உள்ளே வந்தார். கட்டுப் போட்டிருந்தது அவருடைய ஒரே கண்ணின் மேல். அதாவது அந்த நேரத்தில் அவர் முழுக் குருடர். கட்டின் அடியிலிருந்து ரத்தம் மூக்கோரமாக வழிந்து மீசையில் நின்றது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து வந்தார். மல்யுத்தக்காரர்கள் எதிரியை நெருங்கும் நடை அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். யார் அடிக்கிறது என்று இந்தியில் கேட்டார். கூட்டத்தில் ஒருவன் அவரை வெளியே கூட்டிப்போகக் கையைப் பிடித்தான். பிடித்த மணிக்கட்டு அப்படியே சுழன்றது. அவன் பஹல்வானின் இடுப்புக்கு மேலாகப் பறந்து மருந்து அலமாரிக்குள் போனான். இரண்டாவது ஆளை மூச்சுச் சத்தத்தை வைத்துப் பிடித்து, முழங்காலை முதுகில் ஏற்றித் தரையோடு அழுத்தினார். மற்றவர்கள் அடிக்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் நின்றார்கள். ஊர்ப்பெரியவர்மேல் கை வைக்க முடியாது. மூன்றாவதாக அவர் கைக்குச் சிக்கியது ஒரு பிடரி. விரல்கள் அதைச் சுற்றி வளைந்து, ஒரு கணம் தயங்கி, தடவின. "அடே, இது நம்ம பயல்" என்றார். குரலில் வியப்புகூட இல்லை. அண்ணன் மகனின் முகத்தைச் சரிந்து கிடந்த கிரானைட் பலகையில் ஒரு தடவை மோதினார். ஒரே தடவை. என் பல் இரண்டுக்கு அவன் பல் எத்தனை என்று நான் எண்ணவில்லை. ஆனால் மனதுக்கு இதமாக இருந்தது.

அறை அடங்கியது. "பேட்டீ, இருக்கியா?" என்றார் பஹல்வான். "இருக்கேன்" என்று மேஜைக்குப் பக்கத்துத் தரையிலிருந்து பதில் வந்தது. "எவ்வளவு மிச்சம்?" "ஆதா சாவல்." அரை அரிசி. அவர் சுவரைத் தடவிக்கொண்டே பக்கத்து அறுவை அரங்குக்குப் போய், தானாக மேஜையில் ஏறி மல்லாந்து படுத்தார். "வெட்டு" என்றார். வீட்டுக்கு இப்போது கூட்டிப்போனால் இந்தப் பயல்கள் தன்னை மறுபடி இங்கே வரவிட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும்.

போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர், மேட்ச் பாதியில் கிளம்ப நேர்ந்த கடுப்பில் இருந்தார். குற்றம் நடந்த இடம், அரங்கையும் சேர்த்து உடனே பூட்டி முத்திரை வைக்க வேண்டும், அடிபட்டவர்கள் எல்லாரும் அவசரப் பிரிவுக்கு நடங்கள் என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. ஆனால் பூட்டுவதற்கு முன்னால், சேதமான அரசுச் சொத்தை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பொருள் பொருளாகக் கணக்கெடுத்து இருதரப்பும் கையெழுத்திட வேண்டும் என்பதும் சரிதான். அதை நான் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு விதி எண்ணோடு அவருக்குச் சொன்னேன். திரை அறையிலிருந்து தொடங்கினேன். நாற்காலி ஒன்று, இடது பின்னங்கால் முறிந்தது. சக்கரம் வைத்த முக்காலி ஒன்று, சக்கரம் ஒன்று காணவில்லை, தேட வேண்டும். கண்ணாடிச் சில்லுகளை எண்ண வேண்டுமா, எடை போட வேண்டுமா என்று விதியில் தெளிவில்லை. அதைப் பற்றி அவருடைய கருத்தைக் கேட்டேன். முப்பது வருஷம் கோப்புகளைத் தாமதப்படுத்தியவன் என்று என்னைத் திட்டியவர்கள் அனைவரும் அன்று அங்கே நின்றிருக்க வேண்டும். என் வாழ்க்கையின் ஆகச் சிறந்த தாமதம் அது.

சுவருக்கு அந்தப்புறம் நடந்ததைச் சிஸ்டர் பின்னால் சொன்னார். மேடத்தின் வலது கையை ஒரு அட்டைப்பெட்டித் துண்டில் வைத்துக் கட்டினார்கள். வலிக்கு ஊசி போட வந்தவரைக் கெட்ட வார்த்தையில் விரட்டினார்; தலை தெளிவாக இருக்க வேண்டுமாம். வலது கை செய்யும் வேலைக்கு, அதாவது இடுக்கியால் தோலைத் தூக்கிப் பிடிக்க, அடிபடாத பஞ்சாபி டாக்டர் ஒருவர் நின்றார். தட்டைத் திறந்து சாயம் தொட்ட ஓரத்தை மறுபடி பார்த்தார் மேடம். பஞ்சாபி டாக்டர் மெல்ல, மெஷின்தான் போய்விட்டதே, இனி சரிபார்க்க வழியில்லை, பாதுகாப்புக்கு இன்னும் கொஞ்சம் அகலமாக எடுத்துவிடலாமே என்றிருக்கிறார். நியாயமான யோசனை. எந்த விசாரணைக் குழுவும் அதைத்தான் சொல்லும். அகலமாக என்றால் இமையும் கண்ணீர்ப் பாதையும் போகும். கண் மெல்லக் காய்ந்து பழுக்கும். மேடம் அவரைத் திட்டவில்லை. "பார்த்ததை வெட்டு. பயந்ததை வெட்டாதே" என்று இந்தியில் சொல்லிவிட்டு, சூடுபட்ட அந்த இடது கையால் அரை அரிசியைச் சீவி எடுத்தார். பஹல்வான் அசையவில்லை. மரப்பு ஊசியின் வீரியம் முக்கால்வாசி இறங்கியிருந்த நேரம் அது.

அந்தச் சீவல் வழக்கமான சோதனைக்கூடத்துக்குப் போய், வழக்கமான தாமதத்தோடு முடிவு வந்தது. ஓரங்கள் சுத்தம். வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேடம் அதைக் கேட்டுவிட்டு, "எங்கப்பா பாத்தா இன்னொரு கரண்டி காய்ச்சுவாரு" என்றார்.

பிறகு சமாதானத்துக்கு வந்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்தின் தலைப்பாகைகள் வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்து, பையன் சின்னவன், ரத்தச் சூடு, என்று சொல்லி ஒரு டின் நெய்யை மேஜைமேல் வைத்தார்கள். தில்லியில் இப்படிப்பட்ட வழக்குகள் அதோடு முடிவதுதான் முறை. "நெய்யை வச்சிட்டுப் போங்க, அடிபட்ட பிள்ளைகளுக்கு ஆகும். கேஸ் நடக்கும்" என்றார் மேடம். நடந்தது, தில்லியில் கேஸ்கள் நடக்கும் வேகத்தில். கடைசியில் சாட்சிக் கூண்டில் ஏறியவர் பஹல்வானே. எதிர்த்தரப்பு வக்கீல் சாமர்த்தியசாலி. சம்பவ நேரத்தில் உங்களுடைய ஒரே கண்ணும் கட்டப்பட்டிருந்தது. அடித்தவன் இவன்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். நீதிமன்றத்தில் சிரிப்பு. பஹல்வான் கோபப்படவில்லை. "ஐந்து வயதிலிருந்து எண்ணெய் போட்டு உருவி நான் செய்த கழுத்து அது, சாப். வேண்டுமானால் இப்போதும் கண்ணைக் கட்டுங்கள். இங்கே இருக்கிற எல்லாக் கழுத்தையும் வரிசையில் நிறுத்துங்கள். உங்களுடையதையும்" என்றார். வக்கீல் தன் கழுத்துப்பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு பஹல்வான் அந்த ஒரு கண்ணால் அண்ணன் மகனை நேராகப் பார்த்தார். அவனால்தான் பார்க்க முடியவில்லை.

கருவியின் மிச்சத்தை உரியவர்கள் வந்து பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். இன்னொன்று அனுப்பவில்லை, அதற்கு நான் எழுதிய விண்ணப்பங்கள் நல்ல ஆங்கிலத்தில் இருந்தன என்பதோடு சரி. மேடத்தின் வலது மணிக்கட்டு கோணலாகவே கூடியது, இடுக்கி பிடிக்காது. ஓய்வு பெறும்வரை இன்னொருவரின் கையைத் தன் வலது கையாக வைத்துக்கொண்டு அறுத்தார். எறிவது மட்டும் குறைந்தது. எறிகிற கை வலதாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எல்லாரும் கவனித்தோம். இப்போது அவர் இல்லை.

சென்ற மாதம் எனக்கே மூக்கோரத்தில் ஒன்று வந்தது. பட்டாணி அளவு. துவாரகாவில் ஒரு தனியார் மருத்துவமனை. பஹல்வான் குடும்பத்து வயலாகக்கூட இருந்திருக்கலாம் அந்த இடம். நான் குடியிருக்கும் அடுக்ககமே யாருடைய கோதுமையின் மேல் நிற்கிறதோ. அறைக்குள் நுழையும்போதே சிர்க்கா வாசனை. கருவி அப்போதையதைவிடச் சின்னது, வழவழப்பானது, ட்யூப் எதுவும் வேண்டாததாக இருந்தது. ஜனக்புரியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன்தான் டாக்டர். முதல் சுற்று, இரண்டாவது சுற்று. கட்டோடு கூடத்தில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். சுவரில் பெரிய திரை, அதில் மேட்ச். என் மகன் கைபேசியிலிருந்து நிமிரவில்லை. யாரும் கட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. 'உங்கள் அறுவை பல சுற்றுகளாக நடக்கும்' என்று மூன்று மொழிகளில் படம் போட்டு விளக்கம் மாட்டியிருந்தார்கள். ஒரு வாக்கியத்தைச் சுவரில் மாட்ட எத்தனை எலும்பு முறிய வேண்டியிருக்கிறது.

உள்ளே கூப்பிட்டார்கள். "அச்சா அங்கிள், ஆல்மோஸ்ட் டன். சேஃப்டிக்கு இன்னும் கொஞ்சம் எக்ஸ்ட்ரா எடுத்துடட்டுமா?" என்றார் பையன்.

"ஸ்கிரீன்ல என்ன தெரிஞ்சுது?"

"ஸ்கிரீன் கிளியர்தான், அங்கிள். ஜஸ்ட் எனக்கு ஒரு மன நிம்மதிக்கு."

"பார்த்ததை வெட்டுங்க டாக்டர். பயந்ததை வெட்ட வேண்டாம்."

கத்தி நின்றது. அவர் திரும்பித் திரையை இன்னொரு முறை, ஓரம் ஓரமாக, நிதானமாகப் பார்த்தார். பிறகு கத்தியைத் தட்டில் வைத்துவிட்டுத் தையல் ஊசியைக் கேட்டார். "யார் அங்கிள் சொன்னது இது?" என்றார் தைத்துக்கொண்டே. ரொம்ப முரட்டுப் பொம்பளை ஒருத்தி என்றேன். சிரித்தார், ஊசி கொஞ்சம் ஆழமாக இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "எம்புட்டுப் பெருசா எடுத்தாங்க?" என்று கேட்டாள். சவன்னி என்றேன். அந்தக் காசு செல்லாமல் போய் வெகு நாளாகிறது. ஆனால் அவளுக்கு அளவு புரிந்தது. சாவியைத் தட்டில் போட்டேன். வழக்கம்போல் நடுமேட்டில் பட்டு ஓரத்துக்குச் சரிந்தது. கவிழ்த்து வைத்தபோது அந்த மேடுதான் உள்ளே இறங்கி, சதைக்கு ஒரு மயிரிழை உயரத்தில் நின்றிருக்கிறது. அதற்குக் கீழே, நசுங்காமல், பஹல்வானின் கண் இருந்தது.